பாலைவனத்துச் சிரட்டை வீணை

மேற்கு இராஜஸ்தானத்தின் மணல்வெளியில் தென்னை வளர்வதில்லை. ஆயினும் அப்பிரதேசத்தின் நாட்டு வாத்தியங்களுள் பெயர்பெற்ற ஒன்றுக்கு உடலாக அமைந்திருப்பது தேங்காய்ச் சிரட்டையேயாகும். கடற்கரை நாடுகளில் காய்த்து, கோயிற் பூசைக்கென வடக்கே செல்லும் தேங்காய், அங்கே ஒரு பாடகன் கையில் நாதக் குடமாகிவிடுகிறது. அவ்வாத்தியத்தின் பெயர் இராவணஹத்தா. இராவணனது கை என்பது பொருள்.

கயிலையின் கீழ் நசுக்குண்ட இலங்கை வேந்தன் தன் கையையே தண்டாகவும் நரம்பையே தந்தியாகவும் கொண்டு சாமகானம் இசைத்து இறைவனை மகிழ்வித்தான் என்னும் கதை நம்மவர்க்குப் புதிதன்று. வீணைக் கொடி பிடித்தவன் அல்லவா அவன்! இராஜஸ்தானத்துப் பாடகரும் தம் வாத்தியத்துக்கு இக்கதையையே மூலமாகச் சொல்வர். இதனைச் சரித்திரமாகக் கொள்ள இடமில்லை. ஆனால் ஜோதபுரியிலோ ஜயசல்மேரிலோ அலுவல் காரணமாகக் குடியேறியிருக்கும் தமிழர் இவ்வாத்தியத்தை முதன்முதற் காணும்போது, நம் ஊர்த் திருவிழாக்களில் விற்கும் கொட்டாங்கச்சி வயலின் நினைவுக்கு வராமற் போகாது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக நாம் கண்ட வடிவம் அங்கே தெய்வத்தின் முன் இசைக்கும் வாத்தியமாக நிற்கிறது.

அத்தெய்வம் பாபூஜி. கோலூ என்னும் சிற்றூரில் வாழ்ந்த இராட்டோர் குலத்து வீரர். கால்நடைகளைக் காக்க உயிர் ஈந்தவர் என்று போற்றப்படுபவர். ஒட்டகம் மேய்க்கும் ரைபாரி மக்கள் தம் மந்தைக்கு நோய் கண்டால், போபா எனப்படும் பூசாரிப் பாடகரை அழைப்பர். ஏறத்தாழ 15 அடி நீளமுள்ள சித்திரத் திரையை அவர் மாலையில் கட்டுவார். அவர் மனைவி விளக்கை ஏந்தி ஓவியத்தைக் காட்டித் தாமும் உடன் பாடுவார். இரவெல்லாம் வீரரின் சரிதம் நடக்கும். அந்த இரவுக்குத் துணை இராவணஹத்தா ஒன்றே.

திரையை எழுதுவோர் ஷாஹ்புரா, பீல்வாடா ஊர்களில் பரம்பரையாக உள்ள ஓவியர். வாத்தியத்தின் கதை வேறு. அதனை ஆக்குபவர் பெரும்பாலும் அதனை வாசிப்பவரே. பெயர்ப்பலகை மாட்டிய கடை இல்லை, பட்டறையும் இல்லை. வீட்டு வாயிலே தொழிற்சாலை. தந்தையின் கைப்பழக்கமே அளவுகோல்.

முற்றிய பெரிய தேங்காயைத் தேர்ந்து, குறுக்கே அறுத்து, உள்ளும் புறமும் நாரின்றிச் சுரண்டி வழுவழுப்பாக்குவர். வாய்க்கு ஆட்டுத் தோல் போர்த்தப்படும். தோலை ஊறவைத்து ஈரமாகவே இழுத்துக் கட்டினால்தான், உலரும்போது சுருங்கி விறைப்பாக நிற்கும். அதிகம் இழுத்தால் கிழியும். குறைத்தால் குரல் மங்கும். இந்த ஒரு வேலையில்தான் தேர்ந்த கை தெரியும் என்று சொல்லலாம். பிறகு நீண்ட மூங்கில் தண்டைச் சிரட்டையோடு பொருத்தி, அதன் பக்கத்தில் வரிசையாகத் துளையிட்டு மரப் பிரடைகளைச் செருகுவர்.

தலைமைத் தந்திகள் இரண்டு. ஒன்று எஃகுக் கம்பி. மற்றொன்று குதிரை வால் மயிர்களைச் சேர்த்துக் கட்டியது. பாட்டின் பெரும்பகுதி நடப்பது இதன் மேல்தான். இவற்றின் கீழே மெல்லிய கம்பிகள் பல ஓடுகின்றன. அவற்றை வில் தொடுவதில்லை. மேல் தந்தியில் ஒரு சுரம் பிறந்தால், அதே சுரத்துக்குச் சேர்த்த கம்பி தானே அதிர்ந்து எதிரொலிக்கும். ஒரு சிறு சிரட்டையிலிருந்து அத்தனை பெருக்கம் வருவதன் இரகசியம் இதுவே. வில்லிலும் குதிரை மயிர்தான். அதன் தண்டில் சலங்கை கோத்திருப்பதால், வில்லை வீசி இழுக்கும் கையே தாளமும் போட்டுவிடுகிறது. மிருதங்கமோ தபலாவோ வேண்டியதில்லை.

ஆக்குபவரும் பாடுபவரும் ஒருவரே என்பதன் பயன் இங்கே விளங்கும். அவர் எந்தச் சுருதிப் பெட்டியையும் கேட்டுத் தந்தி கூட்டுவதில்லை. தமக்கும் மனைவிக்கும் நடுஇரவு கடந்தும் குரல் எட்டும் உயரம் எதுவோ அதற்கே வாத்தியத்தை அமைக்கிறார். நாடெங்கும் ஒரே அளவு எதிர்பார்ப்பவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்று நிலை மாறி வருகிறது. விடிய விடியக் கதை கேட்போர் குறைந்துவிட்டனர். கோட்டை வாயில்களில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சினிமா மெட்டு வாசிக்கும் போபாக்களைக் காணலாம். அங்கேயே விலைக்கு வைத்திருக்கும் வாத்தியங்களுட் பல, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தவை: வண்ணநூலும் குஞ்சமும் நிறைய, தோலோ தளர்வு. பிழைப்புக்காகச் செய்வதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஓசையைக் கேளாமல் வாங்குவோர் பெருகினால், ஓசைக்காக உழைக்கும் கை எத்தனை நாள் உழைக்கும்? கோமல் கோட்டாரியும் விஜய்தான் தேத்தாவும் 1960-இல் போருந்தா கிராமத்தில் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான் பாட்டுகளையும் கதைகளையும் சேகரித்தது. தோலை இழுக்கும் பக்குவத்தை அவ்வாறு பதிந்து வைத்துவிட முடியாது. அது மகன் அருகிருந்து கற்கவேண்டியது.

அப்பக்கம் வாழும் நேயர்கள் ஒன்று வாங்க விரும்பினால், விற்பவரையே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள். விரலால் தோலைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்கவேண்டும். பிரடையைத் திருகினால் திருகிய இடத்தில் நிற்கவேண்டும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்தால் சிறிது வெயில் காட்டினால் போதும்.

பழுதான சித்திரத் திரையைப் புஷ்கர ஏரியில் இட்டுக் குளிர்விப்பது அவர்கள் மரபு. வாத்தியத்துக்கு அந்த முடிவு அவ்வளவு எளிதில் வருவதில்லை. தோல் கிழிந்தால் வேறு தோல், மயிர் அறுந்தால் வேறு மயிர், சிரட்டை உடைந்தால் பூசைத் தேங்காய் ஒன்று. மூங்கிலும் பிரடைகளும் மட்டும் பழையனவாகவே தொடர்கின்றன.