தோற்கும் அணியோடும் தொடர்ந்து செல்பவர்கள்: உள்ளூர்ச் செய்தியாளர்களைக் கூடைப்பந்து ரசிகர்கள் கொண்டாடுவது ஏன்?

பெரார்கஞ்ச்: அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் கூடைப்பந்து ஆட்டம், குளிர்காலத்தில் இந்திய நேரப்படி மறுநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்குகிறது. தெற்கு அந்தமானில் உள்ள பெரார்கஞ்சில் அது பள்ளிக்கும் பணிக்கும் புறப்படும் நேரம். சென்னையிலிருந்து வரும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, தீவுகளில் நேரலை காண்பது முன்புபோல் கடினமில்லை. ஆனாலும் வேலை நாள் காலையில் இரண்டரை மணி நேரம் திரைமுன் அமர எத்தனை பேரால் இயலும்?

நண்பகலில் கைபேசியைத் திறந்தால் முடிவு ஒரே வரியில் கிடைத்துவிடும். நான்காவது கால்பகுதியில் முன்னணி வீரர் ஏன் களமிறக்கப்படவில்லை, பயிற்சியாளருக்கும் அவருக்கும் இடையே என்ன நடந்தது என்பதை அந்த ஒரு வரி சொல்லாது. அதைச் சொல்பவர் அந்த ஊரில் அந்த அணியை மட்டுமே அன்றாடம் பின்தொடரும் செய்தியாளர். தேசிய கூடைப்பந்து சங்கம் எனப்படும் என்.பி.ஏ. தொடரின் ரசிகர்கள், நட்சத்திர வீரர்களுக்கு அடுத்தபடியாக இத்தகைய செய்தியாளர்களின் பெயர்களை அறிந்து வைத்திருப்பதும், அவர்களுக்காகச் சந்தா செலுத்துவதும் இதனால்தான்.

‘பீட்’ என்றால் என்ன?

தமிழ் நாளிதழ் அலுவலகங்களிலும் ‘கிரைம் பீட்’, ‘மாநகராட்சி பீட்’ என்ற சொற்கள் புழக்கத்தில் உள்ளன. ஒரு துறையை ஒருவரிடம் ஒப்படைத்து, அதன் மனிதர்களையும் ஆவணங்களையும் அவர் நாள்தோறும் கவனிக்கச் செய்யும் முறை அது. அமெரிக்காவில் தொழில்முறை அணி ஒவ்வொன்றும் இப்படி ஒரு ‘பீட்’.

என்.பி.ஏ.வில் 30 அணிகள் உள்ளன. வழக்கமான பருவத்தில் ஓர் அணி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பாதி வெளியூரில். ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் பயிற்சியாளர் செய்தியாளர்களைச் சந்திக்கிறார்; ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் உடைமாற்றும் அறை சிறிது நேரம் திறக்கப்படுகிறது. தலைநகரிலிருந்து எப்போதாவது வரும் பெரிய ஊடகத்தின் செய்தியாளர் நட்சத்திர வீரரைச் சுற்றி நிற்பார். உள்ளூர்க்காரரோ, மூலையில் அமர்ந்து கணுக்காலில் பனிக்கட்டி கட்டிக்கொண்டிருக்கும் பன்னிரண்டாவது வீரரிடம் போய்ப் பேசுவார். மூன்று மாதங்களுக்குப் பின் அந்த வீரர் முதல் ஐவரில் ஒருவரானால், அவரைப் பற்றி எழுத இவரிடம்தான் செய்தி இருக்கும்.

கொரோனா காலத்தில் இந்த அறைகள் மூடப்பட்டு, 2022-23 பருவத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் காணொலி வழிக் கேள்வி பதிலே மிஞ்சியது. எல்லாரும் ஒரே பதிலைக் கேட்டு ஒரே செய்தியை எழுதினார்கள். அருகில் இருப்பதன் மதிப்பை அந்த இடைவெளி உணர்த்தியது.

சாக்ரமென்டோவின் 16 ஆண்டுகள்

வெற்றி பெறும் அணியைப் பற்றி எழுத ஆள் கிடைப்பது எளிது. சாக்ரமென்டோ கிங்ஸ் அணியின் கதை வேறு. 2006-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்த அணி தொடர்ந்து 16 பருவங்கள் பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. என்.பி.ஏ. வரலாற்றிலேயே இதுதான் மிக நீண்ட வறட்சி. அந்தக் காலத்தில் அணி ஆடியவை 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். இடைக்காலப் பொறுப்பாளர்களையும் சேர்த்தால் பத்துக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். வீரர்கள் மாறினார்கள், உரிமையாளர் மாறினார், அரங்கமும் மாறியது. ரசிகர்களும் அவர்களுக்காக எழுதியவர்களும் அங்கேயே இருந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் அணியே ஊரைவிட்டுப் போகும் நிலை வந்தது. 2013 ஜனவரியில், அப்போதைய உரிமையாளர்களான மலூஃப் குடும்பத்தினர், அணியைச் சியாட்டில் நகருக்குக் கொண்டுசெல்ல விரும்பிய முதலீட்டாளர் குழுவுக்கு விற்க உடன்பட்டனர். சியாட்டிலும் 2008-இல் தன் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குப் பறிகொடுத்த நகர்தான் என்பதால், இரு ஊர்களின் வலியும் உண்மையானது. முன்னாள் என்.பி.ஏ. வீரரான சாக்ரமென்டோ மேயர் கெவின் ஜான்சன் மாற்று முதலீட்டாளர்களைத் திரட்டினார். புதிய அரங்குக்கு மாநகராட்சி எவ்வளவு தரும், மக்கள் வரிப்பணம் எங்கே போகும், மற்ற அணிகளின் உரிமையாளர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பன அன்றாடக் கேள்விகளாயின. புள்ளிப்பட்டியலை மட்டும் எழுதத் தெரிந்தவரால் இவற்றுக்கு விடை தேட முடியாது. நகர்மன்றத்தையும் அணி நிர்வாகத்தையும் ஒருசேர அறிந்த உள்ளூர்ச் செய்தியாளர்களே அதைச் செய்தார்கள்.

அந்த ஆண்டு மே 15 அன்று, இடமாற்றத்துக்கு எதிராக 22-க்கு 8 என்ற கணக்கில் அணி உரிமையாளர்கள் வாக்களித்தனர். மும்பையில் பிறந்த தொழிலதிபர் விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கியது. 2016-இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அணியைக் காப்பாற்றியவர்கள் செய்தியாளர்கள் என்று சொல்வது மிகை. ஆனால் தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதை ரசிகர்கள் அறிந்து குரல் எழுப்பியதில் அவர்களுக்குப் பங்குண்டு.

2019 அக்டோபர் 4 அன்று கடிகாரம் தலைகீழாயிற்று. இந்தியாவில் முதன்முறையாக நடைபெற்ற என்.பி.ஏ. ஆட்டத்தில், மும்பை வொர்லியில் உள்ள உள்ளரங்கில் கிங்ஸ் அணியும் இந்தியானா பேசர்ஸ் அணியும் மோதின. பார்வையாளர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். மும்பையில் இரவு 7 மணி. சாக்ரமென்டோவில் காலை 6.30 மணி. கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தில் இந்தியானா 132-131 என வென்றது. அன்று விடியற்காலையில் எழ இயலாத சாக்ரமென்டோ ரசிகரும், இன்று காலை ஆட்டத்தைக் காண இயலாத பெரார்கஞ்ச் ரசிகரும் ஒரே நிலையில் இருப்பவர்கள்.

2020 மார்ச் 11 இரவு, நியூ ஆர்லியன்ஸ் அணியுடனான ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது கைவிடப்பட்டது. நடுவர்களில் ஒருவர், கொரோனா தொற்று உறுதியான வீரரின் அணி சில நாள்களுக்கு முன் ஆடிய ஆட்டத்திலும் பணியாற்றியவர் என்பதே காரணம். இத்தகைய இரவுகளில் அரங்கினுள் நிற்கும் செய்தியாளரின் சொல்லையே ரசிகர் தேடுகிறார்.

நெருக்கமும் இடைவெளியும்

இப்பணியின் முன்னோடிகளில் ஒருவர் பாப் ரயன். 1969-இல் பாஸ்டன் குளோப் நாளிதழுக்காக பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைப் பின்தொடரத் தொடங்கினார். அணிகளுக்குத் தனி விமானங்கள் வராத காலம் அது. வீரர்கள் செல்லும் அதே பயணிகள் விமானத்தில் செய்தியாளரும் சென்றார். நெய்ஸ்மித் கூடைப்பந்து புகழரங்கம், 1990 முதல் ஊடகத்தினருக்கு வழங்கிவரும் கர்ட் கௌடி விருதை 1997-இல் அவருக்கு அளித்தது. அதே நாளிதழில் பணியாற்றிய ஜாக்கி மக்முல்லன், 2010-இல் அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார்.

அருகில் இருப்பவருக்கே இடர் அதிகம். நேற்று கடுமையாக எழுதப்பட்ட வீரரை இன்று காலைப் பயிற்சியில் நேருக்கு நேர் காண வேண்டும். அணியைக் குறை கூறினால் ரசிகர்களும் சினம் கொள்வார்கள். தம் விருப்பத்துக்கு ஒத்து எழுதுபவரையே போற்றும் ரசிகர்களும் உண்டு. அதைப் பாராட்டாகக் கொள்ள முடியாது.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தன் முதன்மை வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றியது நினைவிருக்கலாம். செய்தியை முதலில் வெளியிட்டவர் தேசிய அளவிலான செய்தியாளர். ஆனால் ‘ஏன்’ என்ற கேள்வியைப் பல வாரங்கள் விடாமல் கேட்டவர்கள் டல்லாஸ் செய்தியாளர்கள். ஏப்ரலில் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் தெரிவு செய்யப்பட்ட சிலரை மட்டும், ஒளிப்பதிவுக் கருவிகளை அனுமதிக்காமல் சந்தித்தபோது, ரசிகர்களின் சார்பில் கேட்க அந்த மேசையில் இருந்தவர்கள் அவர்களே. அவ்வாண்டு நவம்பரில் ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார்.

யார் செலவு செய்வது?

82 ஆட்டங்களுக்கும் ஒருவரை அனுப்பப் பணம் வேண்டும். 1857-இல் தொடங்கிய சாக்ரமென்டோ பீ நாளிதழின் தாய் நிறுவனமான மெக்ளாட்சி, 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. 2016-இல் தொடங்கப்பட்ட ‘தி அத்லெடிக்’ இணையதளம், அணிதோறும் செய்தியாளரை அமர்த்திச் சந்தாவால் வளர்ந்தது. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதை 55 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே, ஓர் அணிக்கு ஒருவர் என்ற முறையிலிருந்து அத்தளம் விலகத் தொடங்கியது. இதற்கிடையே சில செய்தியாளர்கள் தனியே எழுதத் தொடங்கினர். கிங்ஸ் அணியை நீண்ட காலமாகப் பின்தொடரும் ஜேம்ஸ் ஹாம், ‘தி கிங்ஸ் பீட்’ என்ற பெயரில் வாசகர் சந்தாவை நம்பி எழுதுபவர். பாராட்டு இங்கே மாதாந்தரத் தொகையாகிறது.

2023-இல் கிங்ஸ் அணி 48 வெற்றிகளுடன் பிளே-ஆஃப் சுற்றை எட்டியபோது, ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் அரங்கிலிருந்து ஊதா நிற ஒளிக்கற்றை வானில் பாய்ந்தது. 16 ஆண்டு இருளை அறிந்து எழுதியவரின் வரியில்தான் அந்த ஒளிக்குப் பொருள் இருந்தது.

இந்தியாவில் நிலை என்ன?

நம் நாட்டுக் கூடைப்பந்துக்கு இப்படி ஒரு வழக்கம் உருவாகவில்லை. 2015 முதல் 2017 வரை நடந்த யு.பி.ஏ. தொழில்முறைத் தொடரில் சென்னை ஸ்லாம் என்ற அணி ஆடியது. ஏழு மாதம் ஓர் ஊரில் நிலைத்து ஆடும் அணி இல்லாதபோது, அதைப் பின்தொடரும் செய்தியாளரும் உருவாவதில்லை.

இதன் இழப்பு எத்தகையது என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை சான்று. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் இந்திய மகளிர் அணிக்கு ஆடியவர். 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில், அவர் இடம்பெற்ற இந்திய அணி கஜகஸ்தானை 75-73 என வீழ்த்தியது. 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வாழ்க்கைக் குறிப்புகள் வெளியாயின. அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் பயிற்சிகள், காயங்கள், தோல்விகள் ஆகியவற்றை அந்தந்த நாளிலேயே பதிவு செய்யும் பணி எவருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இது அயலான செய்தியன்று. தீவுகளைச் சேர்ந்த மிதிவண்டி வீரர் ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஐக்ல் நகரில் நடந்த உலக இளையோர் தடகள மிதிவண்டிப் போட்டியில், கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் இந்திய இளையோர் குழு விரைவோட்டப் பிரிவில் தங்கம் வென்றபோது அவரும் அதில் இருந்தார். பதக்கச் செய்தி நாடெங்கும் வெளியானது. அதற்கு முந்தைய காலைகளில் பயிற்சித் தளத்தின் ஓரத்தில் குறிப்பேட்டுடன் நிற்பதற்கு, சாக்ரமென்டோவில் ஓர் ஆளுக்குச் சம்பளம் தருகிறார்கள்.