பணம் வெட்டிய திகதியும் பணம் சேர்ந்த திகதியும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இன்றும் கற்பிட்டிக் கரையோரத்தில் வாழ்கின்றன. எனது வேலையின் பெரும்பகுதி அக்குடும்பங்களின் பெண்களோடுதான். ஒருநாள் அவர்களில் ஒரு ராத்தா பொலித்தீன் பையொன்றை என் மடியில் வைத்தார். "மிஸ், காசு கட்டினது நாங்க. கட்டல்ல எண்டு கடிதம் வந்திருக்கு. இதுல என்ன எழுதியிருக்கெண்டு பாருங்களேன்" என்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கடலில் மரணித்த அவருடைய கணவரின் ஆயுள் காப்புறுதி, சலுகைக்காலத்துக்குள் தவணைப்பணம் கிடைக்காததால் காலாவதியாகிவிட்டது என்பதே அதன் சாரம்.

பையிலிருந்த பாஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தவணைப்பணத்தை மாதாமாதம் கணக்கிலிருந்து அனுப்பும்படி கணவர் வங்கிக்கு ஸ்டாண்டிங் ஓடர் கொடுத்திருந்தார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடலில் தொழில் குறைவு. அதனால் உரிய நாளில் கணக்கில் காசு இருக்கவில்லை. ராத்தா கருவாடு விற்றுக் காசு போட்டார். சலுகைக்காலம் 30 நாட்கள். வங்கி 27ஆம் நாள் பணத்தை வெட்டியிருந்தது. கணவர் மரணித்தது 32ஆம் நாள். பணம் கொம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது 34ஆம் நாள்.

கொம்பனி 34ஐப் பார்த்தது. ராத்தாவின் கையிலோ 27 இருந்தது. "நாங்கள் வெட்டி அனுப்பிவிட்டோம், கொம்பனியிடம் கேளுங்கள்" என்றது வங்கி. அப்போது ராத்தா இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் அவரால் எந்த அலுவலகப் படியும் ஏற முடியவில்லை. அவருக்காகப் போன தம்பியை, "மனைவிதான் வரவேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமொன்றைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படியான பிணக்கில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, வங்கி யாருடைய ஆளாக நின்று பணத்தை வாங்கியது என்பதே. தவணைப்பணம் சேர்க்கக் கொம்பனியே அந்த வங்கியை நியமித்திருந்தால், வங்கியில் கட்டிய நாளே கொம்பனிக்குக் கட்டிய நாள் என்று வாதாடலாம். நாமாகக் கொடுத்த ஸ்டாண்டிங் ஓடர் என்றால் வங்கி எமது ஆள். தாமதத்துக்கு வங்கியிடமே பதில் கேட்கவேண்டும்.

அயல்நாடான இந்தியாவில் இதையொத்த வழக்கொன்று 1999இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. டெல்லி மின்விநியோக நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், சம்பளத்தில் தவணைப்பணம் வெட்டி எல்.ஐ.சி.க்கு அனுப்பும் திட்டத்தில் காப்புறுதி செய்திருந்தார். நிறுவனம் பணத்தை அனுப்பவில்லை. அவர் இறந்ததும் எல்.ஐ.சி. கைவிரித்தது. பணம் சேர்க்கும் வேலையில் நிறுவனம் எல்.ஐ.சி.யின் முகவர் போன்றதே எனக் கொண்டு, மனைவிக்குப் பணம் வழங்க எல்.ஐ.சி. கடமைப்பட்டது எனத் தீர்ப்பளித்தது நீதிமன்றம். அத்தீர்ப்பு எமது நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த நியாயத்தை எமது கடிதத்திலும் எழுதலாம்.

நாங்கள் இரண்டு கடிதங்கள் எழுதினோம். பணம் வெட்டிய திகதி, அனுப்பிய திகதி, தாமதத்தின் காரணம் மூன்றையும் எழுத்தில் தரும்படி வங்கியிடம் கேட்டோம். பாஸ் புத்தகப் பிரதியை இணைத்துக் கொம்பனிக்கு முறைப்பாடு அனுப்பினோம். கொம்பனி மீண்டும் மறுத்தது. பின்னர் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினோம். 2005இல் ஏற்படுத்தப்பட்ட இப்பதவியில் இருப்பவர் கட்டணமின்றி முறைப்பாடுகளை விசாரிக்கிறார். கொம்பனிக்கு முதலில் எழுதி, அதன் பதிலைக் கையில் வைத்திருக்கவேண்டும். வங்கியின் மீதான குறைக்கு நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். காப்புறுதிக் கொம்பனிகளைக் கண்காணிக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

கணவர் மரணித்து எட்டு மாதங்கள் கழித்துப் பணம் கிடைத்தது. அதற்குள் வள்ளத்தையும் என்ஜினையும் கடனுக்காக விற்றாகிவிட்டது.

சகோதரிகளே, போரிலும் இடம்பெயர்விலும் பத்திரங்களை இழந்து அலைந்தவர்கள் நாம். ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதியை யாரும் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் வீட்டில் காப்புறுதி இருந்தால் இவற்றைச் செய்யுங்கள்:

• தவணை நாளையும் சலுகைக்காலத்தையும் கேட்டு எழுதிவையுங்கள்.
• கடைசி நாள்வரை காத்திராமல் ஒரு வாரம் முந்தியே கணக்கில் காசு போடுங்கள்.
• மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தைப் பதிந்து, பணம் சேர்ந்ததா என்று கொம்பனியிடமும் கேளுங்கள்.
• முகவரின் கையில் காசு கொடுத்தால் கொம்பனியின் பற்றுச்சீட்டை அப்போதே வாங்குங்கள்.
• பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.
• விளங்காத மொழியில் கடிதம் வந்தால், தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

அண்மையில் ராத்தாவைச் சந்தித்தேன். மகளின் பழைய கொப்பியொன்றில் எல்லாத் திகதிகளையும் எழுதி வைத்திருக்கிறார். "இத அப்பவே எழுதியிருந்தா, மிஸ், வள்ளமாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.