சந்தா கட்டினால் சொந்தமாகுமா?

அடியேன் பி.காம். மூன்று வருஷப் படிப்பில் மனதில் நின்றது ஒரே ஒரு பாடம்தான். எங்கள் புரொபசர் அடிக்கடி சொல்வார்: "வாங்கினது சொத்து, வாடகை கொடுத்தது செலவு. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதினீங்கன்னா ஆடிட்டர் உங்களைச் சும்மா விடமாட்டான்!"

பரீட்சை முடிந்ததும் அதையும் மறந்துவிட்டேன். பல வருஷம் கழித்து எனக்கு அதை ஞாபகப்படுத்தியவர் என் நண்பனின் அப்பா. அதுவும் அமெரிக்காவிலிருந்து!

நண்பனுக்கு நியூ ஜெர்ஸியில் சாஃப்ட்வேர் உத்தியோகம். அப்பா கும்பகோணத்தில், சர்க்கார் ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா போன பிறகு வீட்டில் தனியாள். "ஆறு மாசம் என்கூட வந்து இருங்கப்பா" என்று 2018 ஜூலையில் அழைத்துக்கொண்டு போனான்.

போன பத்தாவது நாள் எனக்குப் போன் வந்தது. "ஏம்ப்பா, ஜெயில்ல போட்டாக்கூடப் பேச்சுத் துணைக்கு நாலு பேர் இருப்பான். இங்க தெருவுல மனுஷன் நடமாட்டமே இல்லையே!"

பையன் காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவான். பெரியவர் என்ன செய்வார், பாவம்? கதை கேட்ட ஆபீஸ் சிநேகிதன் யாரோ என் நண்பனுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். 'ஃபில்ம்ஸ்ட்ரக்'குக்குச் சந்தா கட்டு, பெரியவருக்குப் பொழுது போய்விடும்!

அதென்ன ஃபில்ம்ஸ்ட்ரக் என்கிறீர்களா? பழைய படப் பைத்தியங்களுக்கென்றே 2016 நவம்பர் 1-ம் தேதி அமெரிக்காவில் ஆரம்பித்த இன்டர்நெட் சேவை. நடத்தியவர்கள் இரண்டு கில்லாடிகள். ஒருவர், டர்னர் கிளாசிக் மூவீஸ். 1994 ஏப்ரலில் தொடங்கி, நடுவில் விளம்பரமே இல்லாமல் பழைய ஹாலிவுட் படங்களாகக் காட்டும் டி.வி. சேனல். இன்னொருவர், கிரைட்டீரியன். 1984-ல் லேசர் டிஸ்க் காலத்திலேயே 'சிட்டிஸன் கேன்', 'கிங் காங்' என்று ஆரம்பித்து, உலகப் படங்களைத் தூசி தட்டி, கீறல் நீக்கி, பிரமாதமாக வெளியிடும் கம்பெனி. குரோசாவா, சத்யஜித் ரே, பெர்க்மன் எல்லாம் இவர்கள் அலமாரியில்தான்.

கிரைட்டீரியன் படங்களும் சேர்த்துப் பார்க்க மாதம் 10.99 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 800 ரூபாய். "எண்ணூறு ரூபாயா! கும்பகோணத்துல ஒரு மாசக் கேபிள் டி.வி.க்கு நாலு வீட்டுக்குக் கட்டலாமேடா" என்று முதலில் முறைத்த பெரியவர், ஒரே வாரத்தில் டோட்டல் சரண்டர்!

இங்கிலீஷ் சப்டைட்டில் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முப்பது வருஷம் ஜி.ஓ. படித்துப் பழகிய கண்ணாயிற்றே! நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரியே ஆக்கிவிட்டார். வரிசை எண், படம், வருஷம், நிமிஷம், குறிப்புரை. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு சாம்பிள்:

'செவன் சாமுராய்', 1954, 207 நிமிஷம். "ஏழு பேர். சம்பளம் அரிசிச் சோறு மட்டும். டி.ஏ. கிடையாது, பென்ஷன் கிடையாது. இருந்தும் டியூட்டி பார்த்தார்கள்."

'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948, 89 நிமிஷம். "சைக்கிளைப் பூட்டி வைத்திருக்கலாம்."

சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால் அடுத்து வருவது 'டோக்கியோ ஸ்டோரி'. 1953, ஓசு எடுத்த படம், 136 நிமிஷம். குறிப்புரை ஒரே வரி: "இது ஜப்பான் படம் இல்லை."

கதை ரொம்பச் சின்னது. வெளியூரிலிருந்து வயசான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, பிஸி. அவ்வளவுதான்! என்ன செய்வதென்று தெரியாமல் பெற்றோரை ஒரு உல்லாச ஊருக்கு அனுப்பி வைத்துவிடுகிறார்கள். அன்போடு கூடவே இருந்து பார்த்துக்கொள்பவள், யுத்தத்தில் செத்துப்போன மகனின் மனைவி ஒருத்தி மட்டும்தான்.

அந்த வாரம் இதெல்லாம் தெரியாமல் நண்பன் ஆசையாகக் கேட்டிருக்கிறான். "அப்பா, எனக்கு புராஜெக்ட் டெட்லைன். உங்களை மட்டும் டூர் பஸ்ல நயாகரா அனுப்பட்டுமா?"

பெரியவர் டி.வி.யை அணைத்துவிட்டுச் சொன்னாராம்: "ஜப்பான்காரனும் இதையேதான்டா செஞ்சான்."

நண்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி அப்பா தூங்கிய பிறகு அவனே அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறான். "அன்னிக்கு நான் தூங்கலடா மச்சி" என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். மறுநாள் இரண்டு நாள் லீவு. நயாகராவுக்கெல்லாம் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அப்பாவோடு இட்லி சாப்பிட்டுவிட்டு, அடுத்தடுத்து மூன்று படம் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு தினமும் ராத்திரி சாப்பாடு ஆனதும் இருவருமாக ஒரு படம் என்று வழக்கமாகிவிட்டது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விழுந்தது இடி.

2018 அக்டோபர் 26. 'நவம்பர் 29-ம் தேதியோடு கடையை மூடுகிறோம்' என்று அறிவித்துவிட்டது ஃபில்ம்ஸ்ட்ரக். சரியாக 34 நாள் நோட்டீஸ்!

காரணம்? அதே வருஷம் ஜூன் மாதம், டர்னர் சேனல்களுக்கும் வார்னர் பிரதர்ஸுக்கும் சொந்தக்காரரான டைம் வார்னரை ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனி சுமார் 8,500 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அவ்வளவு பெரிய பேலன்ஸ் ஷீட்டில் பழைய படப் பிரியர்கள் எந்த மூலை? 'விசுவாசமான ரசிகர்கள்தான், ஆனால் சின்னக் கூட்டம்' என்ற ரீதியில் ஒரு விளக்கம் வந்தது. கணக்குப் படித்தவன் என்ற முறையில் அந்த லாஜிக் எனக்குப் புரிகிறது. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

பெரியவரிடமிருந்து போன். குரலில் சுரத்தே இல்லை. "மாசா மாசம் கரெக்டா பணம் கட்டினோமே தம்பி! திடீர்னு மூடினா எப்படி? நம்ம படமெல்லாம் எங்க போகும்?"

'நம்ம படம்' என்றார், பாருங்கள். அங்கேதான் புரொபசர் ஞாபகத்துக்கு வந்தார். "அப்பா, அது நம்ம படம் இல்லை. வாடகைக்குக் குடியிருந்தோம். ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டான்" என்றேன். சொன்ன பிறகுதான், சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

பெரியவரா அசருவார்? நோட்டில் புதுப் பக்கம். 'பார்க்க வேண்டியவை - அவசரம்' என்று சிவப்பு மையில் தலைப்பு. பகலில் ஒன்று, ராத்திரி மகனோடு ஒன்று. மார்ச் மாசக் கடைசியில் பைல் முடிக்கிற வேகம்!

அதே சமயம் வெளியே பெரிய ரகளை. 50,000-க்கும் மேற்பட்டவர்கள் 'மூடாதே' என்று மனுப் போட்டார்கள். மார்ட்டின் ஸ்கார்செசி, கிறிஸ்டோபர் நோலன் போன்ற பெரிய தலைகள் வார்னர் பிரதர்ஸுக்கே கடிதம் எழுதினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. நவம்பர் 29 அன்று சொன்னபடி மூடிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, நவம்பர் 16-ம் தேதி, கிரைட்டீரியன் தைரியமாக அறிவித்தது: 'நாங்களே தனியாக ஆரம்பிக்கிறோம்!'

சொன்னபடி 2019 ஏப்ரல் 8-ம் தேதி 'கிரைட்டீரியன் சேனல்' பிறந்தது. ஆரம்பத்திலேயே 1,000-க்கும் மேற்பட்ட படங்கள். அதே மாதம் 10.99 டாலர். முன்கூட்டியே சேர்ந்தவர்களுக்கு ஒரு டாலர் சலுகை. அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெலிபோன் கம்பெனியோ 2022 ஏப்ரலில் அந்த சினிமா வியாபாரத்தையே கைகழுவிவிட்டது!

சரி, பெரியவருக்கு என்ன லாபம்? அவர் டிசம்பரிலேயே கும்பகோணம் திரும்பிவிட்டார். புதுச் சேனலோ அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். இதில் ஒரு வேடிக்கை. நம்ம மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த 'கல்பனா' (1948). நாட்டியப் பேரொளி பத்மினி சின்னப் பெண்ணாக ஆடிய படம். ஸ்கார்செசியின் அமைப்பு அதைச் செப்பனிட்டு 2012-ல் கான் விழாவில் போட்டது. 2022-ல் கிரைட்டீரியன் டிஸ்க்காகவும் வந்தது. மெட்ராஸில் எடுத்த படத்தைப் பளபளவென்று பார்க்க, கும்பகோணத்துக்காரர் நியூ ஜெர்ஸி போக வேண்டும்!

2019 தீபாவளிக்கு நண்பன் ஊருக்கு வந்தான். பையில் 'டோக்கியோ ஸ்டோரி' ப்ளூ-ரே டிஸ்க். பெரியவர் வீட்டு பிளேயரில் போட்டால்... ம்ஹூம்! அமெரிக்க டிஸ்க் 'ஏ' மண்டலம், நம்ம ஊர் பிளேயர் 'சி' மண்டலம், சேராதாம். பெரியவர் முகம் சுருங்குவதற்குள் நண்பன் பெட்டியிலிருந்து இன்னொரு பிளேயரை எடுத்தான். எல்லா மண்டலமும் பாடுவது! இந்தத் தடவை முழுசாக விசாரித்துவிட்டு வந்திருக்கிறான்.

மூன்று பேரும் பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்து கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே யாரோ சரம் வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்ப்பா பி.காம்., இப்ப இதைச் சொத்துக் கணக்குல எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம்ப்பா. ஆனா வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கணும்."

"கழிச்சுக்கோ" என்றார், மகன் தோளில் கையை ஊன்றி எழுந்துகொண்டே. "டிஸ்க்குக்கு மட்டும்!"