ஆர்கான் மூட்டிய தீ

ஆர்கான் எதோடும் சேராது, எரியாது, எரியவும் விடாது. பள்ளிக்கூடத்துல இப்படித்தான் படிச்சோம். அந்த ஆர்கானைச் செலுத்தியதும் பாஸ்பரஸ் பற்றிக்கொண்டது என்று படித்தபோது, ஏதோ அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

இடம் லெனின்கிராட். ஆய்வகத்தின் தலைவர் நிகோலாய் செம்யோனோவ், 1896-ல் சரத்தோவில் பிறந்தவர். அவரிடம் வேலை பார்த்த யூலி காரிட்டோனும் ஜினாய்தா வால்தாவும் பாஸ்பரஸ் ஆவியோடு கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனைக் கலந்தார்கள். ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கல. அதைத் தாண்டியதும் பளிச்சென்று ஒளி! அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு ஆர்கானை விட்டாலும் பற்றிக்கொண்டது.

1926-ல் கட்டுரை வெளியானது. வேதிவினைகளின் வேகத்தை ஆராய்வதில் அன்று பெரிய பெயர், பெர்லினில் இருந்த மாக்ஸ் போடன்ஸ்டைன். "வினைச் சங்கிலி" என்ற எண்ணத்தையே 1913-ல் முன்வைத்தவர் அவர். அவரே இந்த முடிவு தவறு, சோதனை முறையில் வந்த கோளாறு என்று எழுதிவிட்டார்.

காரிட்டோன் அதற்குள் கேம்பிரிட்ஜ் போய்விட்டார். செம்யோனோவ் தானே இறங்கி, கருவியை மாற்றி அமைத்து மறுபடி செய்து பார்த்தார். அதே முடிவுதான். கூடவே ஒரு துப்பும் கிடைத்தது: பாத்திரம் பெரிதானால் குறைந்த அழுத்தத்திலேயே பற்றிக்கொள்கிறது.

அப்போ விஷயம் சுவரில் இருக்கு! வினையில் உருவாகும் துடிப்பான துகள் ஒன்று, தன்னைப் போல ஒன்றுக்கு மேற்பட்டதை உண்டாக்குகிறது. சங்கிலி கிளை விடுகிறது. ஆனால் பாத்திரத்தின் சுவரில் மோதினால் துகளின் துடிப்பு போய்விடும். அழுத்தம் குறைவாக இருந்தால் வழியில் தடுக்க ஆள் இல்லை. சட்டென்று சுவருக்குப் போய்விடும். ஆர்கான் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி வழியை அடைத்துக்கொள்கிறது. துகள் சுவரை அடையத் தாமதமாகிறது, அதற்குள் கிளைகள் பெருகிவிடுகின்றன. ஆர்கான் எரியவே இல்லை. சங்கிலி அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பிறகு போடன்ஸ்டைனும் ஒப்புக்கொண்டார். 1956-ல் இங்கிலாந்தின் சிரில் ஹின்ஷெல்வுட்டோடு சேர்ந்து செம்யோனோவ் வேதியியல் நோபல் பெற்றார். சோவியத் நாட்டுக்குக் கிடைத்த முதல் அறிவியல் நோபல் அதுதான். காரிட்டோனோ பின்னாளில் இன்னொரு வகைச் சங்கிலிக்குப் போனார்: சோவியத் அணுகுண்டு.

இதைப் படித்தபோது போடன்ஸ்டைன் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். இப்போது இல்லை. அந்தப் பெரியவர் சந்தேகப்படாமல் இருந்திருந்தா, பாத்திரத்தை மாத்திப் பார்க்கணும்னு அவ்வளவு சீக்கிரம் யாருக்குத் தோணியிருக்கும்?