லேசருக்கு வைத்த பெயர்

1969 ஜனவரி 30. லண்டன் சாவில் ரோ தெருவில் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் குழு வாசிக்க ஏற்பாடு. குளிர்காற்று மைக்கில் மோதி இரைந்தால் பதிவு வீண். ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ், டேப் போடும் பையனைக் கடைக்கு விரட்டினார்: பெண்கள் அணியும் நைலான் காலுறை வேண்டும். என்ன சைஸ் என்று கேட்டார்கள் கடையில். எதுவானாலும் சரி என்றான் பையன். வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவனோ என்று பார்த்தார்களாம். மைக்குகளுக்குக் காலுறை மாட்டித்தான் அந்தக் கச்சேரி பதிவானது.

அந்த 20 வயதுப் பையன் ஆலன் பார்சன்ஸ். 1969ல் எடுத்த படச்சுருள்களிலிருந்து பீட்டர் ஜாக்சன் 2021ல் தொகுத்த 'கெட் பேக்' தொடரில் அவரைத் திரையில் பார்க்கலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் பார்சன்ஸ் இன்ஜினீயர் ஆனார். 1973ல் வெளிவந்த பிங்க் ஃபிலாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைப் பதிவு செய்தவர் அவர். அதில் திடீரென ஒலித்துத் தூக்கிவாரிப்போடும் கடிகாரங்கள், பழம்பொருள் கடையில் அவர் வேறொரு வேலைக்காகப் பதிவு செய்து வைத்திருந்தவை. ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. பார்சன்ஸுக்குக் கிடைத்ததோ இ.எம்.ஐ. நிறுவனத்தின் வாரச் சம்பளம் 35 பவுண்டு. ராயல்டி கிடையாது. அதே ஆல்பத்தில் பாட அவர் சிபாரிசு செய்த கிளேர் டோரிக்கு 30 பவுண்டு. வழக்குப் போட்டு, 2005ல் சமரசமான பிறகே இணை இசையமைப்பாளர் என்று அவர் பெயர் ஏறியது. பார்சன்ஸ் கோர்ட்டுக்குப் போகவில்லை. தன்னை உலகுக்குக் காட்டியது அந்த ஆல்பம்தான் என்பதை அவர் மறுப்பதும் இல்லை.

1975ல் எரிக் வுல்ஃப்சனுடன் சேர்ந்து 'தி ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட்' தொடங்கினார். ஸ்டூடியோவிலேயே வாழ்ந்த விசித்திரமான ராக் குழு. பாட மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவார்கள். அதன் ரசிகரான டைரக்டர் ரிச்சர்ட் டானர், 'லேடிஹாக்' (1985) படத்துக்கு அவரை அழைத்தார். இசை ஆண்ட்ரூ பவல், தயாரிப்பு பார்சன்ஸ். மத்திய காலக் கோட்டைகளும் குதிரைகளும் ஓடும் கதைக்கு சின்தசைசரும் டிரம்ஸுமா என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். கிழித்தது நியாயம்தான்.

ஆனால் சினிமா ரசிகர்கள் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது டைட்டில் கார்டில் அல்ல, ஜோக்கில். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் (1996) ஹோமர் அதை ஏதோ ஒரு வகை மிதவை வாகனம் என்று நினைத்துக்கொள்கிறார். 1999ல் வந்த ஆஸ்டின் பவர்ஸ் படத்தில் வில்லன் டாக்டர் ஈவில் நிலாவில் ஒரு லேசரை நிறுவி, அதற்கு ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட் என்று பெயர் வைக்கிறான். (நிலாவுக்கும் பார்சன்ஸுக்கும் ராசி போலும்.) மகன் தலையில் அடித்துக்கொள்கிறான்: அது 1982ன் ராக் குழு அல்லவா! வருஷம் தப்பு. பார்சன்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை, டாக்டர் ஈவிலின் குரலையே தன் அடுத்த ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டார்.

பிங்க் ஃபிலாய்டுக்காக நான்கு மூலைகளிலிருந்தும் ஒலி வரும் கலவையை 1973லேயே செய்தவர் அவர். ஆனால் 2003ல் அதே ஆல்பத்துக்குப் புதிய சரவுண்ட் பதிப்பு தயாரானபோது வேலை ஜேம்ஸ் கத்ரிக்குப் போனது. பார்சன்ஸ் தன் சொந்த ஆல்பமான 'ஐ இன் தி ஸ்கை'யை எடுத்து சரவுண்டில் கலந்தார். 2019 பிப்ரவரியில் அதற்கு கிராமி விருது கிடைத்தது. பல முறை பரிந்துரைக்கப்பட்டுக் கைநழுவிய விருதை முதல் தடவையாக வாங்கியபோது அவருக்கு வயது 70.