சைட்டோகைனும் கைனேஸும்: வெள்ளணுவுக்குள் செல்லும் செய்தி

2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோய் பெங்களூரில் கடுமையாகப் பரவிற்று. அந்நாளில் மாநகராட்சியின் எட்டு மண்டலங்களுள் ஒன்றாயிருந்த பொம்மனஹள்ளியும் அதற்கு விலக்கன்று. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'சி.ஆர்.பி.' என்னும் எழுத்துக்களைப் பலர் அப்பொழுதுதான் முதன்முறையாகக் கண்டனர். அது கிருமியின் அளவன்று. உடலே விடுத்த அபாய அறிவிப்பின் எதிரொலியாகும்.

அவ்வறிவிப்பைச் சுமந்து செல்பவை சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்கள். இவற்றுள் ஒன்றான இன்டர்லூக்கின்-6 வெள்ளணுவினுள் நுழைவதில்லை. அணுவின் மேலுறையில் பதிந்துள்ள ஏற்பிகளைப் பற்றி, அவற்றை ஒன்றுசேர்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. ஏற்பிகளின் உட்புற வாலில் ஜாக் என்னும் கைனேஸ் நொதிகள் ஒட்டியுள்ளன. (உரோமரின் இருமுகத் தெய்வமான ஜேனஸின் பெயரையொட்டியது இது.) ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து வேறொரு புரதத்தின்மேல் பொருத்துவதே கைனேஸின் தொழில். நெருங்கிவந்த ஜாக்குகள் முதலில் ஒன்றையொன்று இவ்வாறு தூண்டிக்கொள்கின்றன. பின்னர் ஏற்பியின் வாலிலும் பாஸ்பேட்டைப் பதிக்கின்றன. அவ்விடத்தில் வந்து அமரும் ஸ்டாட்-3 என்னும் புரதமும் பாஸ்பேட் பெற்று, இரண்டிரண்டாக இணைந்து, உட்கருவை அடைந்து, உரிய மரபணுக்களை இயக்குகிறது. இவையாவும் சில நிமிடங்களில் நிகழ்வன. கல்லீரல் அணுக்களில் சி.ஆர்.பி. உண்டாவதும் இவ்வழியேதான்.

ஸ்டாட்-3 இயக்கும் மரபணுக்களுள் ஒன்று ஜாக்கையே அடக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அடுப்பை மூட்டியவனே அருகில் நீரும் எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு! கடும் நோயில் சைட்டோகைன்கள் மேன்மேலும் சுரப்பதால் இத்தடை போதாமற் போகிறது. நுரையீரல் அழற்சியுற்றுப் பிராணவாயு குறைகிறது. செய்தித்தாள்கள் இதனைப் புயல் என்றன. புயல் வெளியிலிருந்து வருவது. இதுவோ உடலின் சொந்தக் காவல் அடங்காமற் போன நிலை.

2021 மே மாதம் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற பாரிசிட்டினிப், ஜாக்-1, ஜாக்-2 ஆகியவற்றில் ஏ.டி.பி. அமரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. டெக்சாமெத்தசோன் வேறு வழியில் சைட்டோகைன் உற்பத்தியையே குறைப்பது. 2020-இல் பிரிட்டனில் நடந்த பெருஞ்சோதனையில், செயற்கைச் சுவாசத்திலிருந்தோரிடையே இம்மருந்து மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றோரிடையே ஐந்திலொரு பங்கும் குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதோருக்கு நன்மை காணப்படவில்லை. தொடக்க நாட்களில் வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரானும் ஜாக் வழியாகவே செய்தி அனுப்புகிறது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். 2021-இல் நாடெங்கும் கண்ட கரும்பூஞ்சை நோய்க்கு, கட்டுப்படாத நீரிழிவுடன் ஸ்டீராய்டு மருந்தை அளவின்றி உண்டதும் ஒரு காரணமாயிற்று. விரலில் பொருத்தும் கருவி 94-க்குக் குறையாமற் காட்டும் லேசான கொரோனாவில், காய்ச்சல் மட்டும் கண்டு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குதல் முறையன்று.