கடதாசித் துண்டும் கைத்தொலைபேசியும்: தலைப்புக்குப் படம் செய்வோம்



"பிள்ளை எந்நேரமும் போனோடதான் கெடக்குது" என்று தாய்மார் குறைப்படுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் குறை நியாயமானது. ஆனால் போனைப் பிடுங்கி வைப்பது மட்டும் வழியல்ல. அதே போனைக் கொண்டு பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்யவும் பழகலாம். அப்படியான ஒரு பழக்கத்தைப் பற்றி இம்முறை விளக்குகிறோம்.

தலைப்புக்குப் படம் என்றால் என்ன?

இணையத்தில் படம் வரைவோர் கூட்டமாகச் சேர்ந்து ஒரு சொல்லைத் தலைப்பாகக் கொடுக்கிறார்கள். "மழை", "கதவு", "பயணம்" என்று ஏதாவது ஒன்று. குறித்த நாளுக்குள் அவரவர் அந்தச் சொல்லுக்கு ஒரு படம் செய்து மற்றவர்கள் பார்க்கப் போடவேண்டும். பெரும்பாலும் பரிசு கிடையாது. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துப் பழகுவதே இதன் பயன்.

இவற்றுள் பெயர்பெற்ற ஒன்று இன்க்டோபர். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009 இல் இதைத் தொடங்கினார். ஒக்டோபர் மாதத்தின் 31 நாளும் நாளுக்கு ஒரு மைச்சித்திரம் வரையவேண்டும். 2016 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல் கொடுக்கப்பட்டது. இது மையால் வரைவது. இதைப்போல வாரத்துக்கு ஒரு தலைப்புக் கொடுத்து, ஒட்டுச் சித்திரத்தையும் போனில் செய்த படத்தையும் ஏற்கும் கூட்டங்களும் உண்டு.

குப்பை என்று எறிவதில் கலை

கடதாசி, துணி, நூல், சாயம் எல்லாவற்றையும் கலந்து செய்வதைக் கலப்பு ஊடகப் படம் என்பார்கள். இதற்குக் கடைச் சாமான் வேண்டும் என்று நினைக்கவேண்டாம். 1912 இல் பிரான்சில் பிக்காசோவும் பிராக்கும் கடதாசித் துண்டுகளையும் மெழுகுத் துணியையும் படத்தில் ஒட்டினார்கள். அதன் பின் ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் தெருவில் கிடந்த டிக்கெட்டுகளையும் உறைகளையும் பொறுக்கி ஒட்டினார். மத்தீஸ் என்ற பெரிய ஓவியர் 1941 இல் சத்திரசிகிச்சை செய்துகொண்டபின், நின்று வரைய முடியாமல், சாயம் பூசிய கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டியே படம் செய்தார். அப்படிச் செய்த படங்கள் 1947 இல் புத்தகமாகவும் வந்தன.

நம் வீட்டிலும் சாமான் இருக்கிறது. பழைய பத்திரிகை, பிஸ்கட் உறை, சவர்க்கார உறை, கிழிந்த கொப்பி மட்டை, சாக்கு நூல் இவை போதும். கோதுமை மா ஒரு பங்கை நான்கு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் கிண்டினால் பசை தயார். தேயிலைத் தூளைக் கடுஞ்சாயமாகக் காய்ச்சித் தூரிகையால் பூசினால் மண்நிறம் வரும். காய்ந்தபின் மேலே மேலே பூசப் பூச நிறம் கறுக்கும்.

செய்யும் முறை

தலைப்பு "மழை" என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் யோசிக்கவேண்டும். மழை என்றதும் குடை வரைவது எல்லாரும் செய்வது. நமக்கு மழை என்றால் என்ன? படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும் அம்மா. கூரை ஒழுகும் இடத்தில் வைத்த சட்டி. நனைந்த சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போகும் தங்கச்சி. இதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

2. அட்டையில் தேயிலைச் சாயம் பூசிக் காயவிடுங்கள். பச்சை உறையை வெட்டி மலையாக ஒட்டுங்கள். பத்திரிகையை நீளநீளமாகக் கிழித்து மழையாக ஒட்டுங்கள். பொலித்தீன் துண்டு படங்காகட்டும். கடைசியில் பேனையால் கோடு போடுங்கள்.

3. பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாத இடத்தில் படத்தைக் கீழே வைத்து, போனை நேர்மேலே பிடித்துப் போட்டோ எடுங்கள். பிளாஷ் வேண்டாம், உறைகள் மினுங்கும்.

போனில் சேர்க்கும் வேலை

ஐபிஸ் பெயின்ட் என்ற செயலியை இலவசமாகப் போனில் இறக்கலாம். கணினி உள்ள இடத்தில் கிரிட்டா, கிம்ப் ஆகியவையும் இலவசம். இவற்றில் முக்கியமாக விளங்கவேண்டியது "லேயர்", அதாவது அடுக்கு. ஒரு படத்தின் மேல் கண்ணாடிப் பொலித்தீன் விரித்து அதன்மேல் கீறுவது போல இது. கீழ் அடுக்கில் உங்கள் போட்டோ இருக்கும். மேல் அடுக்கில் மழைக்கோடு கீறலாம். பிழைத்தால் மேல் அடுக்கை மட்டும் அழிக்கலாம், கீழே உள்ளது கெடாது.

செயலியை இறக்கிய பின் டேட்டாவை நிறுத்திவிட்டே படம் செய்யலாம். முடிந்த படத்தை அனுப்பும்போது மட்டும் டேட்டா போட்டால் போதும். ரீலோட் காசைக் கரைப்பது பெரும்பாலும் வீடியோ பார்ப்பதுதான்.

யாருடைய படம்?

இணையத்தில் கண்ட படத்தை வெட்டி ஒட்டி "நான் செய்தது" என்பது சரியல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் ஆக்கிய படத்தின் உரிமை பொதுவாக அவர் வாழ்நாளிலும் இறந்தபின் 70 ஆண்டுகளும் இருக்கும். பழைய படம் வேண்டுமென்றால் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடம் 2017 இல் பல இலட்சம் படங்களை யாரும் தாராளமாகப் பாவிக்கத் திறந்துவிட்டது. அதையும்விட நல்லது, நாமே எடுத்த போட்டோ.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளையின் படத்தை அனுப்பலாம், பிள்ளையின் முகத்தை அனுப்பவேண்டாம். தோட்டத்தின் பெயர், பள்ளிக்கூடப் பெயர், போன் இலக்கம் எதுவும் போடக்கூடாது. பழைய சம்பளத் துண்டை ஒட்டினால் பெயரையும் சேமலாப நிதி இலக்கத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். "உங்கள் பிள்ளைக்குப் பரிசு விழுந்திருக்கு, முதலில் காசு போடுங்க, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் ஏமாற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஆள் தனியாகப் பேசினால் உடனே அம்மா அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். சிறுவருக்கு ஆபத்து என்றால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படத்தைத் தேயிலைப் பக்கெட்டுகளில் பார்க்கிறோம். அதில் ஒழுகும் கூரை இல்லை, அட்டைக் கடி இல்லை, லயத்து வாசலில் இருந்து கதை பேசும் மாலை நேரமும் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது தெரியாது. நம் பிள்ளைக்குத் தெரியும். அதைத் தன் கையால் செய்து காட்டப் பிள்ளை பழகட்டும். ஒரு கத்தரிக்கோலையும் பழைய பத்திரிகையையும் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து கிழித்து ஒட்டுங்கள்.